சாகோஸ் மொரிஷியஸுக்குக் கிடைத்தால் சாகோஸ்காரர்களுக்கு என்ன கிடைக்கும்?

சென்னையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "சாகோஸ் தீவு மக்களை பிரிட்டன் ஏன் துரத்தியது? தீவுகளை மொரிஷியஸுக்கே திருப்பித் தருவதாக 2025-இல் கையெழுத்துப் போட்டுவிட்டார்களே, அப்புறம் ஏன் அந்த மக்களில் பலரே அதை எதிர்க்கிறார்கள்? நம் தமிழர்களுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?"

நான் போர்ட் லூயிஸ்காரன். பள்ளிக்கூடத்தில் தமிழும் வரலாறும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். மூன்று கேள்விக்கும் பதில் ஒன்றுக்குள் ஒன்றாகத்தான் கிடக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஒரே வரியில் வேண்டுமென்றால் இதுதான்: அமெரிக்காவுக்கு ஆள் இல்லாத ஒரு தீவு வேண்டியிருந்தது, இருந்த தீவில் ஆள் இருந்தார்கள், முதலில் "ஆள் இல்லை" என்று காகிதத்தில் எழுதினார்கள், பிறகு எழுதியதை உண்மையாக்கினார்கள்.

சாகோஸ் என்பது இந்தியப் பெருங்கடலின் நட்டநடுவில், மொரிஷியஸிலிருந்து வடகிழக்கே சுமார் 2,200 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிற ஐம்பதுக்கும் மேற்பட்ட குட்டித் தீவுகள். ஜனங்கள் கடைசிவரை குடியிருந்தது மூன்று இடத்தில்: டியாகோ கார்சியா, பெரோஸ் பானோஸ், சாலமன். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென்னந்தோப்பு போட வந்த பிரெஞ்சுக்காரர்கள் மொசாம்பிக், மடகாஸ்கர் பக்கத்திலிருந்து அடிமைகளைக் கொண்டுபோய் இறக்கினார்கள். 1814-இல் மொரிஷியஸோடு சேர்ந்து அதுவும் பிரிட்டன் கைக்கு வந்தது. 1835-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளும் போனார்கள். அப்படிப் போனவர்கள் அங்கேயே கல்யாணம் கட்டி, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி பேசி, மாதா கோயிலில் ஞானஸ்நானம் வாங்கி, இரண்டு தலைமுறைக்குள் தீவுக்காரர்களாகிவிட்டார்கள்.

வேலை கொப்பரை. ஆண்கள் தேங்காய் உரிப்பார்கள், பெண்கள் உடைத்துப் பருப்பெடுத்துக் காய வைப்பார்கள், ஒரு காலத்தில் கழுதை இழுக்கிற செக்கில் எண்ணெயும் ஆட்டினார்கள். கைக்காசு மிகக் குறைவு. அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய் எல்லாம் படியாக அளந்து கொடுப்பார்கள். குடியிருக்க வீடு, வீட்டைச் சுற்றித் தோட்டம், கோழி, பன்றி. கடலில் மீனும் பேய்க்கணவாயும் வேண்டிய மட்டும். அதைத் தேங்காய்ப்பாலில் சமைத்த சேராஸ் குழம்பைப் பற்றிப் பேசாத சாகோஸ் கிழவியை நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை ராத்திரி செகா ஆட்டம். சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். தோட்ட நிர்வாகி வைத்ததுதான் சட்டம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் பேருக்குத்தான். ஆனால் யாரும் பட்டினி கிடக்கவில்லை, யாரும் வாடகை கொடுக்கவில்லை, செத்தவர்களை அப்பன் பாட்டன் பக்கத்திலேயே புதைத்தார்கள். ஐந்து தலைமுறை அப்படிப் போயிற்று.

இப்போது காகிதத்துக்கு வருவோம். 1950-களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையில் ஒரு யோசனை பிறந்தது. காலனிகள் ஒவ்வொன்றாகச் சுதந்திரம் வாங்கிக்கொண்டிருக்கின்றன. நாளைக்கு எந்தப் புது நாடு எந்தத் தளத்தை மூடச் சொல்லுமோ தெரியாது. அதனால் பெரிய ஜனத்தொகை இல்லாத தனித்தீவுகளை முன்கூட்டியே கைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். டியாகோ கார்சியா அதற்குக் கச்சிதமாக அமைந்தது. நல்ல ஆழமான காயல், விமானத்தளம் போட நீளமான நிலம், ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியா எல்லாவற்றுக்கும் எட்டுகிற தூரம்.

1965 செப்டம்பரில் மொரிஷியஸ் தலைவர்கள் சுதந்திரம் பற்றிப் பேச லண்டனில் இருந்தார்கள். பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் வில்சன், மொரிஷியஸ் தலைவர் சிவசாகர் ராம்கூலத்தைத் தனியாகச் சந்திக்கும் முன், வில்சனின் செயலாளர் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். நம்பிக்கை காட்டி அவரைப் பயமுறுத்துவதே நோக்கம் என்று அதில் இருந்தது: சுதந்திரம் கிடைக்கும் என்ற நம்பிக்கை, சாகோஸ் விஷயத்தில் புத்தியாக நடக்காவிட்டால் கிடைக்காமல் போகலாம் என்ற பயம். ராம்கூலம் ஒத்துக்கொண்டார். விலை முப்பது லட்சம் பவுண்டு. 1965 நவம்பர் 8-இல் சாகோஸைப் பிரித்தெடுத்து, சீஷெல்ஸிலிருந்து அல்டாப்ரா, ஃபார்க்குவார், டெரோஷ் தீவுகளையும் சேர்த்து, பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம் என்று புதிதாக ஒரு காலனியை உண்டாக்கினார்கள். ஒரு காலனியை விடுவிக்கும் முன் துண்டாடக் கூடாது என்று அடுத்த மாதமே ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. யாரும் காதில் வாங்கவில்லை. 1966 டிசம்பரில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஐம்பது வருடத்துக்குக் கடிதம் மாற்றிக்கொண்டன. வாடகை என்று எதுவும் எழுதவில்லை; போலாரிஸ் ஏவுகணை வாங்கியதில் பிரிட்டன் தர வேண்டியிருந்த பணத்தில் ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலரை அமெரிக்கா சத்தமில்லாமல் கழித்துக்கொண்டது. இரண்டு நாட்டு நாடாளுமன்றங்களுக்கும் அதைச் சொல்லவில்லை.

இங்கே ஒரு சிக்கல். ஐ.நா. சாசனத்தின் 73-ஆம் பிரிவுப்படி, ஒரு காலனியில் நிரந்தரக் குடிகள் இருந்தால் அவர்கள் நலன்தான் முதல், அவர்களைப் பற்றி ஐ.நா.வுக்கு அறிக்கையும் அனுப்ப வேண்டும். ஆகவே லண்டன் அதிகாரிகள் நிரந்தரக் குடிகளே இல்லை என்று முடிவு கட்டினார்கள். அங்கே இருப்பவர்கள் மொரிஷியஸ், சீஷெல்ஸிலிருந்து ஒப்பந்தத்தில் வந்துபோகிற கூலிகள், அவ்வளவுதான். 1966 ஆகஸ்டில் வெளியுறவுத் துறையின் மேலதிகாரி பால் கோர்-பூத் எழுதிய குறிப்பில், கடற்பறவைகளைத் தவிர அங்கே பூர்வகுடி இருக்காது என்று கிண்டல். அதற்குக் கீழே அதே துறை அதிகாரி டெனிஸ் கிரீன்ஹில் கையாலேயே சேர்த்து எழுதினார்: துரதிர்ஷ்டவசமாகப் பறவைகளோடு சில டார்ஜான்களும் ஃப்ரைடேக்களும் (கதைகளில் வரும் காட்டுமனிதனும், ராபின்சன் குரூசோவின் தீவு வேலைக்காரனும்) சேர்ந்தே வருகிறார்கள், அவர்கள் பூர்வீகமும் தெளிவில்லை என்று. அந்தக் காகிதங்கள் பல வருடம் கழித்து வழக்குக்காக வெளியே வந்தன. இல்லையென்றால் இதையெல்லாம் நான் சொன்னாலும் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள்.

இடையில் ஒன்று. இதே திட்டத்தில் அல்டாப்ராவிலும் ஒரு விமானத்தளம் போடுவதாக இருந்தது. அங்கே ராட்சத ஆமைகள் உண்டு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விஞ்ஞானிகள் கொதித்தெழுந்தார்கள், பத்திரிகையில் எழுதினார்கள், பவுண்டின் மதிப்பும் சரிந்திருந்த நேரம், 1967-இல் திட்டம் கைவிடப்பட்டது. ஆமைகள் தப்பித்தன. நல்லதுதான், எனக்கு ஆமைகள் மேல் கோபமில்லை.

வெளியேற்றம் என்றதும் ஒரே நாளில் துப்பாக்கியோடு வந்து விரட்டியதாக நினைக்காதீர்கள். ஆரம்பம் அதைவிட நைசாக இருந்தது. 1967-இல் தோட்டங்களை பிரிட்டன் விலைக்கு வாங்கியது. 1968-இலிருந்து, ஆஸ்பத்திரிக்கோ சொந்தக்காரர்களைப் பார்க்கவோ மொரிஷியஸ் வந்தவர்களுக்குத் திரும்பக் கப்பல் இல்லை. ரீத்தா பான்கூல் கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெரோஸ் பானோஸில் அவருடைய சின்ன மகளின் காலில் கழுதை வண்டி ஏறிவிட்டது. வைத்தியத்துக்காகக் குடும்பத்தோடு 1968-இல் கப்பலேறி இங்கே வந்தார்கள். குழந்தை பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்து திரும்பப் போவதற்கு விசாரித்தபோது, உங்கள் தீவை விற்றாயிற்று, இனி அங்கே போக முடியாது என்று பதில் வந்தது. வீட்டை, தோட்டத்தை, வளர்த்த மிருகங்களை அப்படியே விட்டுவிட்டு வந்தவர்கள். கணவர் அந்த அதிர்ச்சியிலிருந்து மீளாமலே போய்ச் சேர்ந்தார். அப்போது நான்கு வயதாயிருந்த அவர்கள் மகன் ஒலிவியேதான் பிற்பாடு பிரிட்டனைக் கோர்ட்டுக்கு இழுத்தவர்.

தீவில் மிச்சமிருந்தவர்களுக்கு வரும் கப்பல் குறைந்தது. அரிசி குறைந்தது, பால் பவுடர் வரவில்லை, ஆசிரியரும் நர்சும் போனவர்கள் திரும்பவில்லை. 1971-இல் அமெரிக்கப் படை கட்டுமானத்துக்கு வந்து இறங்கியது. அனுமதிச்சீட்டு இல்லாமல் யாரும் அங்கே இருக்கக் கூடாது என்று அதே வருடம் குடியேற்றச் சட்டமும் வந்தது. அப்புறம் நாய்கள். தீவில் சுமார் ஆயிரம் நாய்கள் இருந்தன. அவற்றை ஒழிக்கச் சொல்லி சீஷெல்ஸ் கவர்னர் புரூஸ் கிரேட்பாட்சிடமிருந்து உத்தரவு. சுட்டுப் பார்த்தார்கள், விஷம் வைத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. கடைசியில் இறைச்சி காட்டிக் கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குள் அடைத்து, ராணுவ வண்டிகளின் புகையைக் குழாய் வழியே உள்ளே விட்டார்கள். குழந்தைகள் வெளியே நின்று அந்த ஊளையைக் கேட்டார்கள். மனிதர்களுக்கு வேறு அறிவிப்பு தேவைப்படவில்லை.

கப்பல் பெயர் நார்ட்வேர். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பாய். ஒரு பயணத்தில் தோட்டத்துக் குதிரைகளை மேல்தளத்தில் ஏற்றிக்கொண்டு, பெண்களையும் குழந்தைகளையும் கீழே பறவை எச்ச உரத்தின் மேல் படுக்க வைத்ததாக வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். டியாகோ கார்சியா 1971 அக்டோபருக்குள் காலி. சாலமன் 1972-இல். பெரோஸ் பானோஸ் 1973-இல். மொத்தம் ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரம் பேர் வரை. பெரும்பாலோர் மொரிஷியஸில், மற்றவர்கள் சீஷெல்ஸில். கடைசியாக வந்தவர்கள் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இறங்க மறுத்துக் கப்பலிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். வீடு தருவதாகச் சொல்லி இறக்கினார்கள்; கொடுத்த வீடுகளில் கதவும் ஜன்னலும் கழன்று கிடந்தன, முன்பு இருந்தவர்கள் ஆடுமாடு கட்டியிருந்தார்கள்.

இனி எங்கள் லட்சணம். இதை பிரிட்டன் தலையில் மட்டும் கட்டிவிட்டுப் போக முடியாது. 1968 மார்ச்சில் சுதந்திரம் வாங்கிய மொரிஷியஸில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய நேரம் அது. தேங்காய் உரிக்க மட்டும் தெரிந்தவர்களுக்குக் கரும்புத் தீவில் என்ன வேலை? ரோஷ் புவா, காசிஸ், புவாந்த் ஓ சாப்ல் சேரிகளில் தகரக் குடிசைகளில் ஒண்டினார்கள். ரோஷ் புவாவுக்குப் பக்கத்திலேயேதான் எங்கள் கைலாசநாதர் கோயில். தைப்பூசக் காவடி நேரத்தில் அந்தத் தெருப்பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்து நிற்பார்கள். அன்னதானத்துக்கு இலை போட்டால் கடைசிப் பந்தியில் உட்காருவார்கள், யாராவது ஒருவர் "இவர்கள் எப்போதும் இப்படித்தான்" என்பார். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் தீவுக்காரன் என்றாலே திட்டு மாதிரி. அழுக்கு, சோம்பேறி, குடிகாரன் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆசிரியர் அறையிலும் அப்படித்தான் பேசினார்கள். சாகோஸ்காரர்கள் அவர்களாகச் சொல்கிற சொல் ஒன்றுண்டு, சாக்ரேன். சோகம் என்று சொல்லலாம். டாக்டர் சான்றிதழில் என்ன காரணம் எழுதியிருந்தாலும், அவர்கள் சொல்வது அவன் சாக்ரேனில் செத்தான் என்றுதான்.

இதில் தமிழர் தொடர்பு கேட்டீர்கள். முதல் தொடர்பு இது. 1975-இல் லண்டன் உயர்நீதிமன்றத்தில் பிரிட்டிஷ் அரசின் மேல் முதன்முதலில் வழக்குப் போட்ட சாகோஸ்காரர் பெயர் மிஷேல் வென்கடாசென். டியாகோ கார்சியாவிலிருந்து 1971-இல் ஏற்றி அனுப்பப்பட்டவர். பெயரின் பின்பாதியை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மொரிஷியஸில் அப்படிப் பெயருள்ளவர்கள் எங்கள் கோயில்களில் நிறையப் பேர். எழுத்துக்கூட்டல் மட்டும் பிரெஞ்சுக் குமாஸ்தா காதில் விழுந்தபடி.

மொரிஷியஸ் தமிழர்கள் சிலர் என்னிடம் சொல்வார்கள்: "பாவம்தான், ஆனால் அவர்கள் கூலி வேலைக்குப் போனவர்கள்தானே, தோட்டம் மூடினால் ஊர் திரும்ப வேண்டியதுதானே?" இதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கொள்ளுத்தாத்தா இங்கே வந்ததும் ஐந்து வருடக் கூலி ஒப்பந்தத்தில்தான். துறைமுகத்தில் இன்று ஆப்ரவாசி காட் என்று நினைவுச்சின்னமாக நிற்கிற அதே படிக்கட்டில் ஏறித்தான் இந்தியாவிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வந்தார்கள், எல்லோர் கையிலும் ஒப்பந்தச் சீட்டு. நூறு வருடம் கழித்து யாராவது வந்து, நீங்கள் எல்லாம் ஒப்பந்தக் கூலிகள், இங்கே குடிகளே இல்லை, கப்பல் நிற்கிறது என்று சொன்னால் எப்படி இருக்கும்? சாகோஸில் பிறந்தவர்களின் ஞானஸ்நானப் பதிவுகள் இருந்தன, கல்லறைகள் இருந்தன. லண்டனில் அதைப் பார்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பர்மாவிலும் இலங்கை மலையகத்திலும் நம்மவர்களிடம் சொன்ன அதே வாசகம் இது.

சரி, பணம். 1972-இல் பிரிட்டன் மொரிஷியஸ் அரசிடம் ஆறரை லட்சம் பவுண்டு கொடுத்தது, இந்த மக்களைக் குடியமர்த்த. அது அவர்கள் கைக்கு வந்தது 1977-க்கு மேல்தான். அதற்குள் விலைவாசி எகிறி, பாதி மதிப்பு போயிருந்தது. வந்த பணம் கடன்காரனிடம் போயிற்று. 1979-இல் வென்கடாசென் வழக்கை முடித்துவைக்க ஒரு பேரம் வந்தது: பன்னிரண்டரை லட்சம் பவுண்டு தருகிறோம், எல்லோரும் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். காகிதம் ஆங்கிலத்தில். பேசுவது கிரியோல், படிக்கத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவு. பலர் பெருவிரல் ரேகை வைத்த பிறகுதான் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்து கொதித்தார்கள். அந்த முயற்சி நின்றது.

அந்தக் காலத்தில் தெருவில் நின்றவர்கள் பெண்கள். ஷார்லேசியா அலெக்சி, லிசெத் தலாத், ரீத்தா பான்கூல். ஆண்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருக்க, இவர்கள் போர்ட் லூயிஸில் உண்ணாவிரதம் இருந்தார்கள், பிரிட்டிஷ் தூதரகத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள், போலீஸ் இழுத்துக்கொண்டு போனது, சிறைக்கும் போய் வந்தார்கள். அதன் பலனாகத்தான் 1982-இல் நாற்பது லட்சம் பவுண்டு வந்தது. ஆனால் மறுபடியும் அதே படிவம், அதே பெருவிரல் மை. முப்பது வருடம் கழித்து 2012-இல் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் இவர்கள் மனுவை எடுக்க மறுத்தபோது காட்டிய காரணம், நீங்கள்தான் 1982-இல் பணம் வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துக்கொண்டீர்களே என்பது.

கோர்ட் கதை நீளம், ஓடிவிடுகிறேன். 2000 நவம்பரில் ஒலிவியே பான்கூல் லண்டனில் வென்றார். 1971 சட்டம் செல்லாது, டியாகோ கார்சியா தவிர மற்ற தீவுகளுக்குப் போகலாம் என்று அரசும் ஒத்துக்கொண்டது. யாரும் போய்க் குடியேற ஒரு கப்பல்கூட விடவில்லை. 2004 ஜூன் 10 அன்று, அங்கே தேர்தல் நாள், நாடாளுமன்றத்துக்கே போகாமல் ராணியின் ஆணை மூலம் தடையை மறுபடி போட்டார்கள். கீழ்க்கோர்ட்டிலும் மேல்முறையீட்டிலும் தீவுக்காரர்கள் வென்றார்கள், 2008-இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். இதற்கு நடுவில் 2006-இல் கல்லறை பார்த்துவர நூறு பேரைக் கப்பலில் கூட்டிப்போனார்கள். புதர் மண்டிய கல்லறைகளைக் கையால் பிடுங்கிச் சுத்தம் செய்து, டியாகோ கார்சியாவின் பாழடைந்த மாதா கோயிலில் பூசை வைத்துவிட்டு, அனுமதித்த நேரம் முடிந்ததும் கப்பலேறினார்கள். 2010-இல் சாகோஸ் கடலை மீன் பிடிக்கத் தடை செய்த பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது பிரிட்டன். சுற்றுச்சூழல்காரர்கள் கைதட்டினார்கள். மக்கள் திரும்பி வருவதைத் தடுக்க இது வசதி என்று பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அமெரிக்கர்களிடம் சொன்னது கசிந்த தந்திகளில் வெளியானது. அந்த அறிவிப்பு சட்டவிரோதம் என்று 2015-இல் சர்வதேச நடுவர் மன்றம் சொன்னது.

2019 பிப்ரவரி 25-இல் சர்வதேச நீதிமன்றம், சாகோஸைப் பிரித்தது தவறு, பிரிட்டன் விரைவில் வெளியேற வேண்டும் என்று பதின்மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கருத்துச் சொன்னது. எழுதப் படிக்கத் தெரியாத லிஸ்பி எலிசே என்ற அம்மா, வயிற்றில் பிள்ளையோடு நார்ட்வேரில் வந்து அந்தப் பிள்ளையைப் பறிகொடுத்தவர், கிரியோலில் பேசிய காணொளியை மொரிஷியஸ் அரசு அங்கே போட்டுக் காட்டியது. வழக்கு வெல்ல அவர் முகம் வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். ஏனென்றால் அடுத்து 2022-இல் தொடங்கிய பிரிட்டன்-மொரிஷியஸ் பேச்சுவார்த்தையில் சாகோஸ்காரர்களுக்குத் தனி நாற்காலி இல்லை. அரசும் அரசும் பேசின. 2025 மே 22-இல் கையெழுத்தானது.

அதில் இருப்பது இவ்வளவு. எல்லாத் தீவுகளும் மொரிஷியஸுக்குச் சொந்தம். டியாகோ கார்சியாவை மட்டும் 99 வருடத்துக்கு பிரிட்டன் வைத்துக்கொள்ளும். சராசரி பார்த்தால் வருடத்துக்கு சுமார் பத்துக் கோடி பவுண்டு மொரிஷியஸுக்கு. சாகோஸ்காரர்கள் நலனுக்கு என்று நான்கு கோடி பவுண்டு அறக்கட்டளை. மற்ற தீவுகளில் மொரிஷியஸ் விரும்பினால் மக்களைக் குடியேற்றலாம். டியாகோ கார்சியாவில் முடியாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் தானாகவே வந்துவிடும். தீவு யாருக்குச் சொந்தம் என்பது ஒரு வழக்கு. வீட்டுக்கு யார் திரும்பலாம் என்பது வேறொரு வழக்கு. அறுபது வருடமாக இரண்டையும் ஒன்றாகக் காட்டித்தான் எங்கள் அரசியல்வாதிகள் மேடை போட்டார்கள். முதல் வழக்கில் மொரிஷியஸ் வென்றது. நானும் மொரிஷியஸ்காரன், எனக்கும் சந்தோஷம்தான். இரண்டாவது வழக்கில், "குடியேற்றலாம்" என்று மொரிஷியஸுக்கு அனுமதி இருக்கிறதே தவிர, "திரும்புவேன்" என்று சாகோஸ்காரர் கையில் ஓர் உரிமையும் எழுதித் தரவில்லை. டியாகோ கார்சியாவில் பிறந்தவர்களுக்கு அதுவும் கிடையாது, அவர்கள் கல்லறை ஓடுபாதைக்கு அந்தப் பக்கம். ஐ.நா. மனித உரிமை நிபுணர்களும் 2025 ஜூனில் இதைச் சுட்டிக்காட்டி, ஒப்பந்தத்தைத் திருத்தச் சொன்னார்கள்.

அதற்காக எல்லாச் சாகோஸ்காரர்களும் எதிர்க்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒலிவியே பான்கூலும் அவர் சங்கமும் ஆதரிக்கிறார்கள்: பெரோஸ் பானோஸுக்காவது வழி பிறந்ததே, என் தாய் அதைப் பார்க்காமல் போய்விட்டாளே என்ற தவிப்பு அது. 2002-க்குப் பிறகு பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்து லண்டனுக்குத் தெற்கே கிராலியில் குடியேறிய ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பகுதி எதிர்ப்பு. ஒதுக்கிவைத்த மொரிஷியஸை நம்பி எப்படிப் போவது என்பது அவர்கள் கேள்வி. டியாகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள் கையெழுத்தாகிற அன்று விடியற்காலையில் லண்டன் நீதிபதியிடம் தடை வாங்கினார்கள். சில மணி நேரம் நின்றது, பிறகு தடை விலகியது, மத்தியானம் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பக்கத்தையும் நான் தவறென்று சொல்ல மாட்டேன். யாரையும் கேட்காமல் முடிவெடுத்துவிட்டு, ஒன்றாகப் பேசவில்லையே என்று அவர்களைக் குறை சொல்வது அநியாயம்.

தமிழர் தொடர்பு இன்னொன்று உண்டு, உங்கள் பத்திரிகைகளிலும் வந்திருக்கும். 2021 அக்டோபரில் கனடாவுக்குப் புறப்பட்ட ஒரு மீன்பிடிப் படகு பழுதாகி, அதிலிருந்த 89 ஈழத் தமிழர்களைப் பிரிட்டிஷ் கடற்படை டியாகோ கார்சியாவில் கரையேற்றியது. குழந்தைகளும் இருந்தார்கள். வேலிக்குள் கூடாரம், எலித் தொல்லை, காவல். இது பிரிட்டிஷ் மண்தான், ஆனால் பிரிட்டனின் அகதிச் சட்டம் இங்கே செல்லாது என்றார்கள். உண்ணாவிரதம், தற்கொலை முயற்சி எல்லாம் நடந்தது. மூன்று வருடம் கழித்து 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோரை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். அதே மாதம், அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அங்கே பிறந்தவன் வாழ முடியாது, அங்கே ஒதுங்கியவன் வெளியே போக முடியாது. ஆட்கள் இல்லாத இடம் என்று எழுதிவைத்தால் சட்டமும் அப்படித்தான் இருக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மொரிஷியஸுக்கு வடக்கே சுமார் 1,100 கிலோமீட்டரில் அகலேகா என்று எங்களுக்கு இன்னொரு தீவு உண்டு. அதுவும் கொப்பரைத் தீவு, அதுவும் அடிமைகளின் வாரிசுகள், ஏறத்தாழ 300 பேர். அங்கே இந்தியா மூன்று கிலோமீட்டர் ஓடுபாதையும் புதுத் துறையும் கட்டிக் கொடுத்து, 2024 பிப்ரவரியில் இரண்டு பிரதமர்களும் காணொளியில் திறந்துவைத்தார்கள். ராணுவத் தளம் இல்லை, தீவு மக்களின் வசதிக்குத்தான் என்று இரண்டு அரசும் சொல்கின்றன. இருக்கலாம், அந்த மக்களுக்கு நல்ல துறையும் ஆஸ்பத்திரி விமானமும் உண்மையாகவே தேவை. ஆனால் டியாகோ கார்சியாவுக்கும் முதலில் ஒரு சிறிய தகவல் தொடர்பு நிலையம் என்றுதான் சொன்னார்கள். அகலேகாக்காரர்களுக்கு அது மறக்கவில்லை. உங்கள் ஊர்ப் பத்திரிகையில் அகலேகாவைப் பற்றி வரும்போதெல்லாம் ஓடுபாதையின் நீளம் வருகிறது, சீனாவின் பெயர் வருகிறது. தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் பெயரில் அங்கே ஒரு குழி நிலம்கூட இல்லை என்பது வருவதில்லை. உங்களுக்குத் தெரிந்த பத்திரிகைக்காரர் யாராவது இருந்தால் அதைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.